கூட்டாற்றில் கோடைக்கும் தண்ணீர் ஓட வேண்டும்: காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் சார்பில் அதில் இடம்பெற்றிருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் அமராவதி ஆற்றின் பழைய ஆயக்கட்டில் (பாசனப் பரப்பில்), மடத்துக்குளம் வட்டத்தில், ராஜவாய்க்கால் தண்ணீரை நம்பி நெல்லும் கரும்பும் வைத்துப் பிழைக்கும் விவசாயி. காலையில் செய்தித்தாள் வந்ததும் அணையின் நீர்மட்டம் போட்டிருக்கும் கட்டத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் மற்றச் செய்திகளைப் படிப்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ள வழக்கம். மொத்தம் 90 அடியில் இன்று எத்தனை அடி நிற்கிறது, வரத்து வினாடிக்கு எத்தனை கனஅடி, வெளியேற்றம் எவ்வளவு என்னும் எண்களைக் கொண்டே நாற்று விடலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா என்று முடிவு செய்கிறோம். அந்த எண்கள் உங்கள் மேசைக்கும் வருகின்றன. காவிரிப் படுகையில் ஆணையத்தின் கண்காணிப்புக்கென்று வகுக்கப்பட்ட எட்டு நீர்த்தேக்கங்களில் அமராவதியும் ஒன்று. சுமார் 4 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) மட்டுமே கொள்ளும் அது அந்த எட்டிலும் சிறியது. மேட்டூரும் கிருஷ்ணராஜ சாகரமும் பேசப்படும் அவையில் இந்தச் சிறிய அணைக்கு அதிக நேரம் ஒதுக்க இயலாது என்பதை நான் அறிவேன். ஆனாலும், நாம் எல்லோரும் நாள்தோறும் பார்க்கும் அந்த ‘வரத்து’ என்னும் எண் உருவாகும் இடம் அணைக்கு மேலே காட்டுக்குள் இருக்கிறது. அதைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த இடத்துக்குக் கூட்டாறு என்று பெயர். உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலை காட்டுக்குள் நுழைந்து, சின்னாற்றுப் பாலத்தில் மாநில எல்லையைத் தாண்டுகிறது. பேருந்தில் போகிறவர்கள் சோதனைச்சாவடியில் ஐந்து நிமிடம் நிற்கும்போது பாலத்துக்குக் கீழே கல்லும் மணலுமாகத் தெரியும் ஆற்றைப் பார்த்திருப்பார்கள். அந்த ஆறு சாலையை விட்டு விலகிக் காட்டுக்குள் போய்ப் பாம்பாற்றோடு கூடுமிடம்தான் கூட்டாறு. அங்கே வண்டி போகும் சாலை கிடையாது. வனத் துறையின் அனுமதியோடு, வழி தெரிந்த மலைவாழ் மக்களின் துணையோடு நடந்துதான் போக வேண்டும். ஒரு கரை கேரளத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்துக்கும், மறு கரை தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்கும் உரியது. இரண்டு ஆறுகளும் கலந்த பிறகு, அதே காட்டுப்பரப்பில் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கின் பக்கமிருந்து இறங்கும் தேனாறும் சேர்ந்துகொள்ள, அதற்குமேல் அந்த நீருக்கு அமராவதி என்று பெயர். பழைய நாளில் இதையே ஆன்பொருநை என்றார்கள். சங்கப் பாடல்கள் அதன் வெண்மணலைப் பாடுகின்றன. அணையைத் தாண்டி, குமரலிங்கம், தாராபுரம், கரூர் வழியாக ஓடித் திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கும் வரைக்கும் இந்த ஆற்றின் தண்ணீர் சுமார் 55,000 ஏக்கர் ஆயக்கட்டையும் வழிநெடுகக் குடிநீர்க் கிணறுகளையும் தாங்குகிறது. எங்கள் ஊரில் திருமுக்கூடலூர்க் கூடலைப் பார்த்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். கூட்டாற்றைப் பார்த்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

கூட்டாற்றின் இயற்கைச் சிறப்பைச் சொல்ல வேண்டுமானால் மழையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாம்பாறு 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் பக்கத்து மலைகளில் தொடங்குகிறது. இரவிகுளத்துப் புல்வெளிகளும் அவற்றின் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடுகளும் தென்மேற்குப் பருவத்தில் குடித்த மழையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் பல மாதங்களுக்கு ஓடைகளில் சிறுகச் சிறுக விடுகின்றன. அந்த நீர் மறையூருக்கும் காந்தளூருக்கும் இடையே உள்ள பள்ளத்தாக்கில் இறங்கி, மறையூர்ப் பாறைகளின் மேல் இன்றும் நிற்கும் முனியறைகள் எனப்படும் பெருங்கற்காலக் கல்லறைகளுக்குக் கீழே வளைந்து, தூவானம் அருவியாக விழுந்து கூட்டாற்றுக்கு வருகிறது. ஆனால் அது வந்து சேரும் காடோ மழை மறைவுப் பகுதி. மேற்கே மலை முழு மழையையும் வாங்கிக்கொள்வதால் சின்னாற்றின் தாழ்ந்த பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் வருவது. குமரிக்கல் மலையிலிருந்து வந்து மாநில எல்லையாகவே பல கிலோமீட்டர் ஓடும் சின்னாறும், தேனாறும் அந்த மழையில்தான் பெருகும். ஆகவே ஆடியில் பாம்பாற்றின் வெள்ளம், ஐப்பசியில் சின்னாற்றின் வெள்ளம் என்று ஆறு மாத இடைவெளிக்குள் இரு பருவங்களின் நீரும் கூட்டாற்றில் வந்து சேருகிறது. தென்மேற்குப் பருவம் பொய்த்த ஆண்டில் வடகிழக்குப் பருவமும், வடகிழக்கு ஏமாற்றிய ஆண்டில் தென்மேற்கும் அமராவதியைக் காப்பாற்றி வந்திருப்பது இந்த அமைப்பினால்தான்.

இந்த இரண்டு பருவங்களும் கைவிடும் காலம் ஒன்று உண்டு. தை பாதியிலிருந்து கோடைமழை இறங்கும் வரை, அதாவது பிப்ரவரி முதல் மே வரை, மலை உச்சிச் சோலைகள் கசியவிடும் தண்ணீரைத் தவிர ஆற்றுக்கு வேறு வரத்து கிடையாது. நான் உங்களிடம் கேட்கப்போவது முழுக்க முழுக்க அந்த நான்கு மாதங்களைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சித்திரை மாதத்தில், உரிய அனுமதி பெற்று, தளிஞ்சி என்னும் மலைவாழ் மக்கள் ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் முன்னால் நடக்கக் கூட்டாற்றுக்குப் போனேன். காலை ஏழரை மணிக்கே பாறை சுடத் தொடங்கியிருந்தது. வழியெல்லாம் கள்ளியும் குடைவேலும் இலையுதிர்ந்த முட்புதருமாக, தரை வெடித்த வெள்ளைக்காடு. ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் எதிரே பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோட்டுக்குள் நுழைந்தவுடனே உடம்பில் வியர்வை அடங்கியது. நீர்மருதும் புங்கனும் நாவலும் காட்டுமாவும் இரு கரையிலும் கிளைகோத்து நின்று ஆற்றுக்குக் கூரை போட்டிருந்தன. சின்னாறு அன்றைக்கு ஆறாக இல்லை. பாறை இடுக்குகளில் பச்சை பூத்த குட்டைகளாக நின்றது. பாம்பாற்றில் மட்டும் முழங்காலளவு தண்ணீர் சலசலத்து ஓடியது. தண்ணீருக்குள் இறங்கப்போன என்னைப் பெரியவர் தோளைத் தொட்டு நிறுத்தி, “மடுவில முதலை கெடக்கும், இப்படி வாங்க சாமி” என்று ஒரு பாறைத் திட்டுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து குனிந்து இரண்டு நீரையும் தொட்டுப் பார்த்தேன். குட்டைத் தண்ணீர் கொதி ஆறிய வெந்நீர்போல இருந்தது. நாலடி தள்ளிப் பாம்பாற்று நீரில் கைவைத்தபோது விரல் சிலிர்த்தது. எங்கள் வாய்க்காலில் நாற்பது ஆண்டுகளாக நான் மடை திருப்பிவிட்ட தண்ணீர் அதுதான் என்பதை அந்தக் குளிர்ச்சியை வைத்து என்னால் நம்பவே முடியவில்லை.

அந்தப் பச்சைக் கூரையில்தான் நரை அணில் என்னும் சாம்பல் நிற மலையணில் வாழ்கிறது. உலகத்தில் இலங்கையையும் தென்னிந்தியாவில் சில இடங்களையும் தவிர வேறெங்கும் இல்லாத பிராணி அது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையும் காவிரிக் கரையின் சில பகுதிகளும் அதற்குத் தஞ்சம். கேரளத்தில் அதன் முக்கிய வாழிடம் சின்னாறுதான். அதன் வாழ்க்கை பெரும்பாலும் மரத்தின் மேலேயே கழிகிறது. கூடு கட்டுவதற்கு அது தேர்ந்தெடுக்கும் மரத்தின் கிளைகள் பக்கத்து மரத்தின் கிளைகளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பருந்தோ மரநாயோ வந்தால் தரையில் இறங்காமல் அடுத்த மரத்துக்குத் தாவித் தப்ப அதற்கு வேறு வழியில்லை. பெரியவர் சுட்டிக்காட்டிய நீர்மருதின் கவட்டையில் சுள்ளியும் இலையும் அடைத்த கூடு ஒன்று பெரிய பானையளவில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் சொந்தக்காரரே வந்து, வால் தொங்கக் கிளையில் படுத்தபடி புங்கங்காயைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. கரையோரத்து மரங்கள் வேனிலிலும் பசுமையாக நிற்பது அவற்றின் வேர் எட்டும் ஆழத்தில் ஆற்று நீர் ஊறிக்கொண்டிருப்பதால். அந்த ஊற்று ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து அறுந்தால் பெருமரங்கள் நுனியிலிருந்து கருகத் தொடங்கும்; இரண்டு மரம் விழுந்து கூரையில் ஓட்டை விழுந்தால், அந்த இடத்தோடு அணிலின் பாதை முடிந்துபோகும். வெளியே இருக்கும் வறண்ட முட்காட்டில் அதனால் ஒரு நாள்கூட வாழ முடியாது.

முதலைகளின் கதை மரங்களின் கதையைவிடக் கண்டிப்பானது. கூட்டாற்று மடுக்களிலும் கீழே அமராவதி நீர்த்தேக்கத்திலும் வாழும் சதுப்புநில முதலைகள், கோடையில் நீர் இறங்கி மணல்திட்டு வெளிப்படும்போது அதில் குழிதோண்டி முட்டையிடுகின்றன. தாய் முதலை கூட்டுக்கு அருகிலேயே தண்ணீரில் காத்துக் கிடக்கும். சுமார் இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகள் உள்ளிருந்து கத்தும் சத்தம் கேட்டுத் தானே வந்து மணலைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் எடுத்து நீரில் விடும். குழியின் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. இத்தனை நுட்பமான ஏற்பாட்டுக்குத் தேவை இரண்டே: மணல்திட்டு நீரில் மூழ்காமல் இருக்க வேண்டும், அதன் அருகில் மடு வற்றாமல் இருக்க வேண்டும். அதிகத் தண்ணீரும் ஆகாது, தண்ணீர் இல்லாமலும் ஆகாது. ஒருநாள் அடைத்து ஒருநாள் திறந்து விடும் ஆற்றில் முதலை பெருகுவதில்லை.

நீர்நாய்களை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் கூடல் முனையில் உள்ள தட்டைப் பாறையில் அவற்றின் எச்சம் காய்ந்து கிடந்தது. பெரியவர் ஒரு குச்சியால் கிளறிக் காட்டினார். மீன் செதில்கள் மைக்காத் தூள்போல மின்னின, இடையிடையே நண்டின் ஓட்டுத் துண்டுகள். அந்தப் பாறை அவற்றின் விலாசப் பலகை என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் தன் எல்லையை இப்படித்தான் மற்றக் கூட்டத்துக்கு அறிவிக்கிறது. மேலே ஓடும் குளிர்ந்த, பாறை நிறைந்த ஆற்றில் வாழும் மீன்களும், கீழே மடுக்களில் வாழும் மீன்களும் கலக்கும் இடம் கூடல் என்பதால் நீர்நாய்க்கு அங்கே ஆண்டு முழுதும் இரை கிடைக்கிறது. கோடையில் சின்னாறு குட்டைகளாக அறுபடும்போது அதன் மீன்களில் தப்பிப் பிழைப்பவை பாம்பாற்றோடு தொடர்பு அறாத கடைசி மடுக்களில் ஒதுங்கியவைதாம். மழை வந்ததும் அவையே திரும்ப மேலேறிச் சின்னாற்றை நிரப்புகின்றன. கூடலில் ஓட்டம் நின்றால் பாதிக்கப்படுவது ஓர் ஆறு மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

யானைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மஞ்சம்பட்டியிலும் சின்னாற்றிலும் மேயும் கூட்டங்கள் கோடையில் இந்த ஆற்றுக்கும் அணையின் நீர்ப்பரப்புக்கும் இறங்கி வருகின்றன. காட்டுக்குள் தண்ணீர் குறைந்தால் அவை சாலையைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. அப்புறம் எங்கள் தென்னந்தோப்புக்கும் கரும்புக்காட்டுக்கும் வருகின்றன. விவசாயி யானையைத் திட்டுவான். யானை எதனால் இறங்கியது என்று கேட்க அவனுக்கு நேரமிருக்காது. கேரளத்தில் இயற்கையாக நட்சத்திர ஆமைகள் வாழும் இடம் சின்னாறு மட்டுமே என்பதையும், மஞ்சம்பட்டியில் சாம்பல் வெளுப்பான காட்டுமாடுகள் காணப்பட்டிருப்பதையும் இங்கே குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

இப்போது கூடலுக்கு மேலே நடப்பதைப் பார்ப்போம். மறையூரில் கரும்பு விளைகிறது. அங்கே காய்ச்சும் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காந்தளூரில் வெள்ளைப்பூண்டும் முட்டைக்கோசும் கேரட்டும் பழத்தோட்டங்களும் இருக்கின்றன. சரிவுகளில் தைலமரக் காடுகள் பரவியிருக்கின்றன. மூணாற்றுக்கு வரும் கூட்டம் வழிந்து இப்பக்கமும் விடுதிகள் பெருகுகின்றன. இவற்றுக்கெல்லாம் கோடையில் தண்ணீர் வேண்டும்; அதை ஓடைகளிலிருந்தே எடுக்கிறார்கள். அங்கே கரும்பு வைப்பவரும் என்னைப் போன்ற விவசாயிதான். அவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அவருடைய வயல் காய வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் ‘மேலே தடுக்கிறார்கள்’ என்று பேசும்போது கைதட்டல் எழும். அந்தக் கைதட்டலில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன். கூட்டாற்றைப் பார்த்து வந்த பிறகு அது எனக்குப் போதவில்லை.

சட்டம் சொல்வதை எடுத்துக்கொள்வோம். 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காவிரி நடுவர் மன்றம் அளித்த இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு 30 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது, அதில் கபினிப் படுகைக்கு 21, பவானிக்கு 6, பாம்பாற்றுக்கு 3. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பும் கேரளத்தின் பங்கில் கைவைக்கவில்லை. ஆகவே பாம்பாற்றில் 3 டி.எம்.சி. பயன்படுத்துவது கேரளத்தின் உரிமை. அதை நான் எதிர்க்கவில்லை. காந்தளூரில் பட்டிசேரி அணைக்கு 2014-இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது தமிழ்நாடு அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. எங்கள் பக்கமும் கொதித்தது. ஆண்டு முழுவதற்கும் இத்தனை டி.எம்.சி. என்று கூட்டித் தரும் கணக்கில், அந்தத் தண்ணீரை எந்த மாதத்தில் எடுப்பது என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. ஆடியில் பாம்பாறு பெருகி ஓடும்போது ஒரு டி.எம்.சி. எடுத்தால் கூட்டாற்றில் எந்த மீனுக்கும் அது தெரியாது. அதில் பத்தில் ஒரு பங்கைப் பங்குனியில் எடுத்தால் ஆறே நின்றுவிடும். எவ்வளவு என்று இரு மாநிலங்களும் இத்தனை ஆண்டு வாதாடிய நாம், எப்போது என்று ஒருமுறையும் உட்கார்ந்து பேசவில்லை.

அதே இறுதித் தீர்ப்பு இன்னொன்றையும் செய்தது. சுற்றுச்சூழலைக் காப்பதற்கென்று 10 டி.எம்.சி. தனியே ஒதுக்கியது. பயிருக்கும் ஊருக்கும் கொடுத்தது போக, ஆறு ஆறாக இருப்பதற்கும் தண்ணீர் வேண்டும் என்று நடுவர் மன்றமே ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். ஆனால் அந்த நீர் கர்நாடகம் விடுவிக்க, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு, மேட்டூருக்கு வரும் நீரோடு சேர்ந்து வருகிறது. காவிரியின் நடுவே ஓடும் பெருக்குக்குக் கிடைத்த அந்த மரியாதை, அதன் கிளையாறு பிறக்கும் கூட்டாற்றுக்குக் கிடைக்கவில்லை. கூடலின் பங்கு என்று எந்தத் தாளிலும் ஓர் எண் எழுதப்படாத வரையில், இரண்டு மாநிலங்களும் தத்தம் பங்கை நேர்மையாக எடுத்துக்கொண்டாலும் நடுவில் அது வற்றிப்போகலாம். யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே ஆணையத்தை நான் கேட்டுக்கொள்வது, பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவற்றின் நீரோட்டத்தைக் கூடலுக்கு மேலேயே தனித்தனியாக அளந்து, அணையின் வரத்தோடு சேர்த்து நாள்தோறும் வெளியிட ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே முதலில். இன்று வரத்து 20 கனஅடி என்று போட்டால், அது எந்த ஆற்றிலிருந்து வந்தது, எந்த ஆறு நின்றுபோயிருக்கிறது என்று எங்களுக்கும் தெரிவதில்லை, காட்டைக் காப்பவர்களுக்கும் தெரிவதில்லை. அப்படி அளந்த சில ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நீரியல் வல்லுநர்களும் இரு மாநில வனத் துறையினரும் கலந்து, பிப்ரவரி முதல் மே வரை கூடலில் எந்த நாளிலும் குறையக் கூடாத ஓட்டம் எது என்பதை நிர்ணயிக்க வேண்டும். எத்தனை கனஅடி என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எந்த அளவில் மடு மடுவோடு தொடர்பு அறாமல் இருக்கும், எந்த அளவில் நீர்மருதின் வேருக்கு ஈரம் எட்டும், எந்த அளவுக்கு மேல் போனால் முதலையின் மணல்திட்டு மூழ்கும் என்று பார்த்து அந்த எண்ணைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

அதன் பிறகு கேரளம் தன் 3 டி.எம்.சி.யை ஆற்றில் நீர் மிகும் மாதங்களில் எடுத்துச் சேர்த்துக்கொண்டு, கோடையில் நிர்ணயித்த ஓட்டத்தை மட்டும் தொடாமல் விட வேண்டும். அப்படிப் பார்த்தால், மேலே நீர் தேக்கும் அமைப்பு ஒன்று இருப்பதே கூடலுக்குக் கேடு என்று சொல்ல முடியாது. மழைநாளில் பிடித்து வைத்த தண்ணீரைக் கோடையில் ஒரே சீராகச் சிறிது சிறிதாக ஆற்றில் விடும் கடமை அதன் இயக்க விதிகளில் எழுதப்பட்டால், அது கூட்டாற்றுக்குத் துணையாகவும் ஆகலாம். விதி எழுதப்படாவிட்டால் எதிரியாகவும் ஆகலாம். எங்கள் விவசாயச் சங்க நண்பர்களில் சிலருக்கு நான் இப்படி எழுதுவது பிடிக்காது என்று தெரியும். அவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்: கோடையில் கூடலைத் தாண்டி வரும் ஒவ்வொரு சொட்டும் நம் அணைக்குத்தானே வருகிறது? நிற்கும் பயிர் கருகாமல் காக்க உயிர்த்தண்ணீர் கேட்டு ஒவ்வொரு கோடையிலும் மனு கொடுக்கும் நாம், அந்த உயிர்த்தண்ணீரை முதலில் ஆற்றுக்குக் கேட்டால் என்ன?

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமராவதி அணையில் பல பத்தாண்டுகளாக வளர்ந்து பெருகியிருக்கும் ஜிலேபி மீன் இந்த மண்ணின் மீன் அன்று. நீர்த்தேக்கம் நிரம்பி நிற்கும்போது அதன் வால் கூடலின் பக்கமாக நீளுகிறது, வந்த மீனும் அதோடு மேலே ஏறுகிறது. கரையோரங்களில் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் மண்டிக் கன்றுகளை முளைக்கவிடாமல் செய்கின்றன. ஒரு நீர்மருது விழுந்தால் அதன் இடத்தில் இன்னொரு நீர்மருது வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். சாலையில் நின்று சாப்பிட்டு ஆற்றில் எறியும் பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர்ப் புட்டியும் பாலத்துக்குக் கீழே இருந்து அடுத்த வெள்ளத்தில் கூடலுக்குத்தான் போகின்றன. இவற்றுக்கு டெல்லியிலிருந்து ஆணை வரத் தேவையில்லை. இரு மாநில வனத் துறையும் கூடலைச் சுற்றியுள்ள சில கிலோமீட்டரை ஒரே இடமாகக் கருதி, ஒரே நாளில் ஒரே வேலையைச் செய்தால் போதும். இப்போதைக்கு ஒரு கரையில் களை எடுத்தால் மறு கரையிலிருந்து விதை மிதந்து வருகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூடலைக் காப்பது என்ற பேரில் அங்கே வாழும் மக்களை யாரும் தள்ளி வைத்துவிடக் கூடாது. தளிஞ்சிக்காரர்கள் ரேஷன் வாங்கவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் கூட்டாற்றைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். ஆறு பெருகும் நாட்களில் அவர்கள் ஊர் தனித்தீவாகிவிடுகிறது. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிறார்கள். பாலம் வேண்டும் என்று அவர்கள் கேட்பது முழுக்க நியாயம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகு அதைச் சலுகையாகப் பேசவும் கூடாது. ஆற்றின் குறுக்கே குழாய் பதித்துக் கட்டும் தரைப்பாலம் கோடையில் மீனுக்குச் சுவராகவும் வெள்ளத்தில் மக்களுக்குப் பயனற்றதாகவும் போய்விடும் என்பதால், நீரோட்டத்தைத் தொடாத உயரத்தில் நடந்து போக ஒரு தொங்குபாலம் அமைத்துக் கொடுப்பதே இரண்டு தேவைக்கும் பொருந்தும். கூடலின் ஓட்டத்தை நாள்தோறும் அளக்கும் வேலையையும் அவர்களுக்கே சம்பளத்தோடு கொடுக்கலாம். எந்த மடுவில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அந்தப் பெரியவர் எனக்குச் சொன்ன கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஆணையத்தின் உறுப்பினர்களில் எத்தனை பேர் கூட்டாற்றைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஏப்ரல் கடைசி வாரத்தில், கோடைமழை இறங்குவதற்கு முன்பு, ஒருநாள் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அணைக்கட்டின் மேல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். விடியற்காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் நடந்து போய்ச் சேர்ந்துவிடலாம். நரை அணில் இரை தேடும் நேரமும் அதுதான். இரு மாநில உறுப்பினர்களும் சேர்ந்தே வர வேண்டும். கூடல் முனைப் பாறையில் நாலு பேர் உட்கார இடமிருக்கிறது. ஆழம் பார்க்க ஓர் அளவுகோலும் கையோடு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
அமராவதிப் பழைய ஆயக்கட்டு விவசாயி,
மடத்துக்குளம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.